பாறையில் செதுக்கிய இருக்கைகள்



நாடகம் என்றதும் நம்முள் பலருடைய நினைவுக்கு வருவோர் மேடையில் ஒளிவெள்ளத்தில் நிற்பவரே. மேடைக்கு எதிரே அமர்ந்திருப்போரையும் மேடைக்குப் பின்னே கைகட்டி நிற்போரையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை. இத்திங்கள், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் அமர்வதற்கான இருக்கைகளைக் கட்டுவதிலேயே செலவிட்ட ஒரு பெண்மணியைப் பற்றி உங்களோடு உரையாட விழைகின்றோம். அதனூடே நமது இளமைக்காலத்துக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், அத்திலாந்திக் பெருங்கடலுக்குள் விரல்போல் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கார்ன்வால். அதன் நுனியருகே போர்த்கர்னோ என்றொரு சிறு கடற்கரை உண்டு. அவ்வூர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1870-ஆம் ஆண்டில் பம்பாயையும் இங்கிலாந்தையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பித்தொடர் கரையேறிய இடம் அதுவே. நம் நாட்டிற்கு வந்த எத்தனையோ இறப்புச் செய்திகளும் பிறப்புச் செய்திகளும் அம்மணலுக்கு அடியில் கடந்து வந்தவையே. அக்கடற்கரைக்கு மேலே செங்குத்தாய் எழும் பாறை முனைக்கு மினாக் என்று பெயர். கார்ன்வால் மக்களின் பழைய மொழியில் கல் நிறைந்த இடம் என்பது அதன் பொருள்.

முதல் உலகப் போருக்குப் பின், தந்தையை இழந்த ரொவினா கேட் என்னும் மங்கை தம் அன்னையோடு இப்பகுதிக்கு வந்து சேர்ந்தார். 1893-இல் பிறந்தவர். போர்க்காலத்தில் முனைக்கு அனுப்பப்படவிருந்த குதிரைகளைப் பழக்கும் பணியில் இருந்தவர். மினாக் முனையை நூறு பவுனுக்கு வாங்கி அங்கே ஓர் இல்லம் எழுப்பினார். அவர் நடிகை அல்லர். கட்டடக் கலை பயின்றவரும் அல்லர்.

1929-ஆம் ஆண்டில் அக்கம்பக்கத்து ஊரார் ஒன்றுகூடி, அருகிலிருந்த புல்வெளியொன்றில் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தைத் திறந்த வெளியில் நடித்தனர். மரங்களே திரை, வானமே கூரை. நடித்தோர் எவரும் நாடகத்தால் வயிறு வளர்த்தவர் அல்லர். கண்டோர் மகிழ்ந்தனர், மறு ஆண்டும் அது நடைபெற்றது.

அவ்வூரார் அந்த நாடகத்தைத் தேர்ந்தது மிகப் பொருத்தமே. ஏனெனில், அந்நாடகத்தின் உள்ளேயே ஊரார் நடிக்கும் நாடகம் ஒன்று இருக்கின்றது. ஏதென்ஸ் நகரத்து அரசனின் திருமணத்திற்கு ஒரு நாடகம் நடித்துக்காட்ட ஆறு தொழிலாளர் முன்வருகின்றனர். ஒருவன் நெசவாளி, ஒருவன் தச்சன், ஒருவன் மரச்சாமான் இணைப்பவன், ஒருவன் தையற்காரன், ஒருவன் துருத்தி செப்பனிடுவோன், ஒருவன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோன். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் நிலவொளியில் காட்டுக்குச் சென்று ஒத்திகை பார்க்கின்றனர். புல்தரையே அவர்களுக்கு மேடை. முட்புதரே ஒப்பனை அறை. உரையைத் தப்புந் தவறுமாய்ச் சொல்கின்றனர்; இறுதியில் அரசவையில் ஏறி நிற்கும்போது அவையோர் அடக்கமாட்டாமல் நகைக்கின்றனர்.

இங்கேதான் நமது குற்றம் வருகின்றது.

குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில் இந்நாடகம் எங்களுக்குப் பாடமாயிருந்தது. பேராசிரியத் தந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து உரக்க வாசிக்கச் செய்வார். ஈயம் பூசுவோன் சுவராக வேடம் புனைந்து வந்து, தான் சுவர் என்று அவைக்கு அறிவிக்கும் இடம் ஒன்றுண்டு. அதனை வாசிக்கும்படி எம் தோழர் ஒருவருக்கு அமைந்தது. சிற்றூரிலிருந்து வந்தவர்; ஆங்கிலம் அவர் நாவில் எளிதாய்ப் புரளாது. இரண்டாம் அடியிலேயே தடுமாறினார், மீண்டும் தொடங்கினார், மீண்டும் தடுமாறினார். முதலில் நகைத்தவர் நாமே. நம்மைத் தொடர்ந்து வகுப்பு முழுவதும் நகைத்தது. அவர் நூலை மூடிவிட்டு அமர்ந்தார். அவ்வாண்டு முடியும்வரை வகுப்பில் அவர் உரக்க வாசிக்க எழவேயில்லை.

பேராசிரியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: “நாடகத்திற்குள்ளும் இவர்களைப் பார்த்து நகைப்பவர்கள் இருக்கின்றார்கள். முந்திய இரவு அவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்துவிட்டு நாளை வாருங்கள்.”

பார்த்தோம். தொழிலாளரின் நடிப்பைக் கேலி செய்யும் அந்த உயர்குடி இளைஞர் இருவரும் முந்திய இரவு அதே காட்டில் அலைந்தவர்களே. காலையில் ஒருத்தியைக் காதலிப்பதாய் ஆணையிட்டு, நள்ளிரவில் வேறொருத்தியின் பின்னால் ஓடி, ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள வாளுருவி நின்றவர்கள். அவர்கள் ஆடிய கூத்தோடு ஒப்பிட்டால் நெசவாளியின் நடிப்பு எவ்வளவோ மேல். தாம் நகைப்புக்கு இடமாகி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை என்பதை அவர்கள் அறியவில்லை. நாமும் அறியாதிருந்தோம்.

அதே காட்சியில் இன்னொன்றும் கண்டோம். இந்நாடகத்தைப் பார்க்க வேண்டாம், நடிப்போர் படிப்பறிவற்ற உழைப்பாளிகள் என்று அரசனிடம் அவைக்காவலன் தடுத்துச் சொல்கின்றான். அரசனோ, எளிய உள்ளமும் கடமையுணர்வும் சேர்ந்து அளிப்பதில் குறை காணலாகாது என்னும் கருத்துப்பட விடையிறுத்து, அவர்களை உள்ளே அழைக்கின்றான். தன்னை வரவேற்க வந்த பெரும்புலவர்கள் அச்சத்தால் நா குழறிப் பாதியில் நிறுத்தியதுண்டென்றும், அந்த மௌனத்திலிருந்தே அவர்களது வரவேற்பைத் தான் எடுத்துக்கொண்டதாகவும் கூறுகின்றான். அவ்வரசனும் பின்னர் இடையிடையே கேலி பேசத்தான் செய்கின்றான், மனிதன்தானே! ஆயினும், தொடக்கத்தில் சலிப்புற்றிருந்த அவன் மணமகள், நெசவாளி தன் காதலி இறந்ததாய் எண்ணிப் புலம்பும்போது, தன்னையறியாமலே அவன்பால் இரக்கம் கொள்கின்றாள். நடிப்பு மோசம்; எனினும் இரக்கம் பிறந்துவிட்டது. கலையின் வேலை அங்கே நடந்துவிட்டதன்றோ?

இனி, கார்ன்வாலுக்குத் திரும்புவோம். புல்வெளி நாடகத்தின் வெற்றியால் ஊக்கம் பெற்ற ஊரார், அடுத்து ஷேக்ஸ்பியரின் ‘சூறாவளி’யை நடிக்க விரும்பினர். கடலும் தீவும் கப்பற்சேதமும் அமைந்த கதை அது. அதற்கேற்ற இடம் எது? ரொவினா தம் தோட்டத்தின் விளிம்பைக் காட்டினார். கீழே அலை மோதும் பாறைச் சரிவு. எதிரே எல்லையற்ற கடல். மேடைக்கென்று வேறு திரை எழுத வேண்டுவதில்லை. ஆனால், காண வருவோர் எங்கே அமர்வது?

1931-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வேலை தொடங்கிற்று. தோட்டக்காரர் பில்லி ராலிங்ஸ், அவரோடு சார்லஸ் ஆங்கோவ் என்னும் தொழிலாளி, மூன்றாமவராய் ரொவினா. பெரும் பாறைகளை உளியும் சுத்தியலும் கொண்டு பிளந்து, உருட்டிச் சேர்த்து, மண்ணை வாரி நிரப்பிப் படிகளாய் அமைத்தனர். கடற்காற்று சீறும் அச்சரிவில் கால் வழுக்கினால் கடல்தான். ஆறு திங்கள் உழைப்பில் ஓர் எளிய மேடையும் கரடுமுரடான சில இருக்கை வரிசைகளும் உருவாயின.

1932-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே ‘சூறாவளி’ அரங்கேறிற்று. மின்கலங்களும், இல்லத்திலிருந்து இழுத்த சிறிதளவு மின்சாரமும், மோட்டார் வண்டிகளின் முன்விளக்குகளுமே அன்று வெளிச்சம் தந்தன. பாறைப் படிகளில் அமர்ந்த மக்களுக்கு, உரைகளினூடே உண்மையான அலையோசையும் கேட்டது. ஷேக்ஸ்பியருக்கு இது புதிதன்று. அவர் காலத்து இலண்டன் பொது அரங்குகளில் நடுமுற்றம் கூரையின்றியே இருந்தது. காசு குறைந்தவர் பகல் வெளிச்சத்தில், வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டே நாடகம் கண்டனர்.

கார்ன்வாலுக்கும் இது புதிதன்று. மினாக்கிலிருந்து சில மைல் தொலைவில், புனித யூஸ்துவின் பெயர் தாங்கிய ஊரின் நடுவே, வட்டமான மண்மேடு சூழ்ந்த வெளியொன்று இன்றும் உள்ளது. பழைய மொழியில் அதற்கு ஆட்டக்களம் என்று பொருள்படும் பெயர். இடைக்காலத்தில் இத்தகைய களங்களில் ஊரார் கூடி, உலகப் படைப்பையும், ஆண்டவரின் பாடுகளையும், உயிர்ப்பையும் தம் தாய்மொழியில் நாடகங்களாய் நடித்தனர். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்மூன்று நாடகங்களின் ஏடு நமக்குக் கிடைத்திருக்கின்றது. 16-ஆம் நூற்றாண்டின் சமயப் புயலில் அம்மரபு சாய்ந்தது. பின்னர் அம்மொழியும் பேச்சில் மங்கிற்று. ஆனால், களம் கிடந்தது. 2021-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் அந்நாடகங்களை அங்கே மீண்டும் நடித்தனர். ஓர் இடத்தைக் காத்து வைப்போர் இருந்தால், எத்தனை நூற்றாண்டு கழிந்தும் சொல் திரும்பி வரும் என்பதற்கு இது சான்று.

ரொவினா அப்படி ஓர் இடத்தைக் காத்தவர். முதல் வெற்றியோடு அவர் நிறுத்தவில்லை. கோடைதோறும் நாடகம், குளிர்காலந்தோறும் கட்டுமானம். இரண்டாம் உலகப் போர் மூண்டது. பகைவர் கரையேறக்கூடும் என்னும் அச்சத்தால் அம்முனை முள்வேலியால் சூழப்பட்டது. காவற்படை சிறு சுடுகாப்பறை ஒன்றையும் கட்டிற்று. போர் ஓய்ந்தபோது, அரங்கைப் புல்லும் புதரும் மூடியிருந்தன. நாற்பது வயதுக்குள் செய்த வேலையை ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. தொடங்கினார். படைவீரர் கட்டிய காப்பறை, நுழைவுச்சீட்டு விற்கும் அறையாயிற்று.

பாறையைச் செதுக்கப் பொருள் போதாமையால், சிமெண்டைக் கொண்டு இருக்கைகளையும் தூண்களையும் வார்க்கத் தாமே கற்றுக்கொண்டார். அதற்கான மணலைக் கீழே கடற்கரையிலிருந்து மூட்டை மூட்டையாய்த் தாமே சுமந்து ஏறினார். சிமெண்டு இறுகுமுன், பழைய திருகாணிச் சுழற்றி ஒன்றின் முனையால் அதில் கோலங்களையும் எழுத்துக்களையும் கீறினார். நடந்த நாடகங்களின் பெயர்களும் ஆண்டுகளும் இன்றும் அவ்விருக்கைகளின் பின்புறத்தில் காணப்படுகின்றன. நடிகர் வந்து போயினர். அவர்கள் வந்து போனதைக் கல் நினைவில் வைத்திருக்கின்றது.

அவரைக் குறித்து ஒரு நிகழ்ச்சி அங்கே வழங்குகின்றது. ஸ்பானியக் கப்பல் ஒன்று சேதமுற்றதால், பதினைந்து அடி நீளமுள்ள உத்தரங்கள் பன்னிரண்டு கரையில் ஒதுங்கின. ரொவினா ஒவ்வொன்றாய்த் தன்னந்தனியே மேலே கொண்டுபோய்விட்டார். மரத்தைத் தேடி அதிகாரிகள் வந்தபோது, கொஞ்சம் மரம் எடுத்துச் சென்றது உண்மையே என்று ஒளிக்காமல் சொன்னார். மெலிந்த உடலோடு நின்ற அம்முதியவளை ஏற இறங்கப் பார்த்த அவர்கள், இவரால் அவற்றை அசைக்கவும் முடியாது என்று எண்ணிப் போய்விட்டனராம். அம்மரங்கள் நடிகர் உடை மாற்றும் அறைகளாயின. அவரது செயலின் நியாய அநியாயத்தை அறநூல் வல்லார் ஆராயட்டும். நம் கண்ணில் படுவது வேறு: உண்மை அவர்கள் முன்னே நின்றுகொண்டிருந்தது, அதன் மெலிந்த தோற்றத்தைக் கண்டு அவர்கள் நம்பவில்லை. நா குழறிய தோழரை நாம் அளந்ததும் அவ்வாறே.

எண்பது வயது கடந்தும் அவர் உழைத்தார். முதுமையில் மண் சுமக்கும் தள்ளுவண்டியொன்றில் அவர் அமர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்றுண்டு. அரசிக்கும் அவ்வளவு பொருத்தமான அரியணை வாய்த்ததில்லை! 1976-இல் அரங்கை அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்தார். 1983-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தொண்ணூறை எட்டச் சில திங்கள் இருக்கையில் மறைந்தார். மழைநாட்களில் அரங்கின்மேல் கூரை அமைப்பது எவ்வாறு என்று அவர் வரைந்துவைத்த படங்கள் அவருக்குப்பின் எஞ்சியிருந்தன. அக்கூரை எழவில்லை. தாம் காணப்போவதில்லை என்று அறிந்த ஒன்றுக்கும் படம் வரையும் உள்ளம் எத்தகையது!

ஏறத்தாழ 750 பேர் அமரக்கூடிய அவ்வரங்கில் இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன. இங்கிலாந்தின் பல பகுதிகளிலிருந்தும் ஊர் நாடகக் குழுவினர் கோடையில் வந்து நடிக்கின்றனர். மழை பெய்தாலும் பெரும்பாலும் நாடகம் நிற்பதில்லை. பின்னிருப்போர்க்கு மறைக்கும் என்பதால் குடை பிடிக்க இடமில்லை. மழைச்சட்டை அணிந்து அமர வேண்டியதுதான். நடிகன் நனைகின்றான், பார்ப்பவரும் நனைகின்றார். இவரில் யார் நாடகத்தை நடத்துகின்றவர், யார் பெறுகின்றவர் என்று பிரித்துக் கூற முடியுமா?

தொழில்முறை அல்லாத கலைஞரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். இன்று அச்சொல்லில் ஏளனம் ஏறிவிட்டது. அதன் வேர் இலத்தீன் மொழியில் ‘அமாத்தோர்’, அதாவது அன்பு செய்பவன். கூலிக்கு அல்லாமல், அன்பினால் ஒரு வேலையைச் செய்பவன் என்பதே அதன் முதற்பொருள். இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அன்பினால் செய்கின்றேன் என்பது அரைகுறை வேலைக்குச் சாக்காகிவிடலாகாது. ஏதென்ஸ் தொழிலாளர் நள்ளிரவில் காட்டுக்குப் போய் ஒத்திகை பார்த்தனர். பில்லி ராலிங்ஸ் கையுளியால் கல் பிளந்தார். ரொவினா மணல் சுமந்தார். அன்பு இருந்தால் உழைப்பு குறையாது, கூடும். உழைத்தும் குறை நேர்ந்தால், அக்குறையை நிரப்புவது பார்ப்பவர் கடன்.

‘சூறாவளி’யின் முடிவும் இதையே கூறுகின்றது. உடன்பிறந்தானால் நாட்டை இழந்து, பச்சிளம் மகளோடு கடலில் விடப்பட்ட மிலான் நகரக் கோமகன், பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தீவில் வாழ்கின்றான். மந்திர வல்லமையால் புயலை எழுப்பித் தன் பகைவரைத் தன் கைக்குள் கொண்டுவருகின்றான். பழிவாங்க எல்லாம் ஆயத்தமாய் இருக்கும் நேரத்தில் மன்னிக்கின்றான். பின்னர் மந்திரக்கோலைத் துறந்து, தனியே மேடையின் முன் வந்து நின்று, அவையோரை நோக்கி ஒரு விண்ணப்பம் செய்கின்றான். இப்போது தனக்கு வல்லமை ஏதுமில்லை என்றும், அவர்களது கனிவும் கைத்தட்டலுமே தன்னை விடுவிக்க முடியும் என்றும் கூறுகின்றான். புயலையே ஏவியவன், கடைசியில் பார்ப்பவர் இரக்கத்தை நாடி நிற்கின்றான். 1932-இல் மோட்டார் வண்டி வெளிச்சத்தில் ஊரார் ஒருவர் அவ்விண்ணப்பத்தைச் செய்தபோது, அவர் எதிரே இருந்தவர்கள் ரொவினா கட்டிய கற்படிகளில் அமர்ந்திருந்த அண்டை வீட்டாரே. அவர்களிடம் கேட்டால் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

குருமடத்துத் தோழரை முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு துக்க வீட்டில் சந்தித்தோம். குருத்துவத்தில் நிலைத்து, சிற்றூர்ப் பங்குகளிலேயே பணிபுரிந்து வருபவர். அன்றைய நகைப்புக்கு மன்னிப்புக் கேட்டோம். அதை மறந்துவிட்டதாய் அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, “இன்னும் ஒருமுறை முயன்றிருந்தால் சரியாக வாசித்திருப்பேன், சாமி. நீங்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்” என்றார். பிறகு எம் கையைப் பற்றிக்கொண்டார்.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் யாரேனும் ஒருவர் நா குழறி நின்றுகொண்டிருக்கக்கூடும். பள்ளியில் ஒப்பிக்க வேண்டியதை நம் முன் ஒப்பித்துப் பார்க்கும் குழந்தையாய் இருக்கலாம். சொன்னதையே மீண்டும் சொல்லும் முதியவராய் இருக்கலாம். அவர்கள் இரண்டாம் முறை தொடங்கும்வரை காத்திருக்க நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு நிமிடம் இருக்குமா? ரொவினா கேட் பிறருக்கு இருக்கை அமைப்பதற்காக ஐம்பது குளிர்காலங்களைத் தந்தார். நாம் அந்த ஒரு நிமிடம் அமர்ந்திருப்போம்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.